பாட்டி கைப்பக்குவமும் பாக்கெட்டின் பின்பக்கமும்

ஃப்ரெண்ட்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஃபீபி என்றொரு பாத்திரம் உண்டு. பாட்டி வழி வந்த சாக்லேட் சிப் குக்கீ செய்முறையைக் குடும்ப ரகசியமாக அடைகாத்து வந்தவள். எழுதிவைத்த தாள் தீயில் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு குக்கீ. சமையல்காரத் தோழி மோனிகா அதைக் கடித்துப் பார்த்து, மோந்து பார்த்து, தட்டு தட்டாகச் சுட்டுத் தள்ளுகிறாள், பக்குவம் கூடிவரவில்லை. கடைசியில்தான் அந்த ரகசியம் தன் முன்னோருக்கு யாரிடமிருந்து வந்தது என்று ஃபீபிக்கு நினைவு வருகிறது: 'நெஸ்லே டூலூஸ்' என்ற பிரெஞ்சுப் பெண்மணியாம். பார்ப்பவர்களுக்கு உடனே விளங்கிச் சிரிப்பு வருகிறது. மளிகைக் கடையில் விற்கும் 'நெஸ்லே டோல் ஹவுஸ்' சாக்லேட் பாக்கெட்டின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் செய்முறைதான் அது. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அசட்டுத்தனமும் கலந்திருக்கும். தங்கள் வீட்டு ரகசியமும் அதே பாக்கெட்டிலிருந்துதான் வந்ததோ என்ற சந்தேகம் யாருக்குத்தான் எழாது?

அந்தப் பாக்கெட்டுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு பெண் இருந்தார். பெயர் ரூத் வேக்ஃபீல்ட். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் விட்மன் என்ற ஊரில் கணவரோடு சேர்ந்து டோல் ஹவுஸ் என்ற உணவு விடுதியை நடத்தியவர். ஒருநாள் கைவசம் இருந்த கட்டிச் சாக்லேட்டை உடைத்து மாவில் போட்டார், உருகிக் கலந்துவிடும் என்று நினைத்தார், உருகாமல் துண்டு துண்டாக நின்றுவிட்டது, அப்படித்தான் புது குக்கீ பிறந்தது என்று ஒரு கதை ஊரெல்லாம் உலவுகிறது. மனையியல் படித்து, விடுதி நடத்தி, சமையல் புத்தகமும் எழுதிய ஒருவருக்குச் சாக்லேட்டின் குணம் தெரியாது என்று நம்பச் சொல்கிற கதை. பெண் செய்த கண்டுபிடிப்பு என்றால் தற்செயல் என்று சொல்லிக் கடந்துபோவது சுலபம்தானே. அவருடைய சமையல் புத்தகத்தின் 1938-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தச் செய்முறை வந்தது. அடுத்த ஆண்டு நெஸ்லே நிறுவனம் அதை அச்சிடும் உரிமையைப் பெற்றது. அதற்கு அவர் வாங்கிய தொகை ஒரே ஒரு டாலர் என்று சொல்கிறார்கள். ஒரு விடுதிக்காரரின் யோசித்துச் செய்த உழைப்பு, நிறுவனத்தின் அச்சகம் வழியாக, இரண்டே தலைமுறையில் ஒரு நாட்டுப் பாட்டிமார் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டது.

இது அமெரிக்காவுக்கு மட்டும் நேர்ந்த கூத்து என்று ஒதுக்கிவிட முடியாது. வீட்டில் குக்கீ சுடும் வழக்கம் எங்கெல்லாம் 'பரம்பரை' என்ற பெயரோடு நிலைத்திருக்கிறதோ, அங்கெல்லாம் தோண்டிப் பார்த்தால் ஒன்றரை நூற்றாண்டு ஆழத்தில் ஓர் இரும்படுப்போ ஒரு சர்க்கரை ஆலையோ ஒரு பாக்கெட்டோ தட்டுப்படுகிறது. ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஆகுஸ்ட் ஓட்கர் 1891-ல் அரைக் கிலோ மாவுக்குச் சரியாக அளந்த பேக்கிங் பவுடரைச் சிறு உறைகளில் போட்டு விற்கத் தொடங்கினார். உறையோடு செய்முறையும் போயிற்று. பேக்கிங் பவுடர் பரவுவதற்கு முன் மாவு உப்ப வேண்டுமானால் ஈஸ்டை நம்ப வேண்டும், அல்லது முட்டையைக் கை ஓய அடிக்க வேண்டும், அல்லது சாம்பல் காரத்தையும் மான்கொம்பிலிருந்து எடுத்த உப்பையும் தேட வேண்டும். சர்க்கரையும் அப்படித்தான். பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பெருகிய பிறகே அது சாதாரண வீட்டுச் சாமானாக ஆனது. உள்ளேயே சூட்டறை வைத்த வார்ப்பிரும்பு அடுப்பு வீடுகளுக்கு வந்ததும் அதே காலத்தில். ஸ்வீடனில் காப்பி விருந்துக்கு ஏழு வகை பிஸ்கட் வைக்க வேண்டும் என்பது மரபு. ஏழுக்குக் குறைந்தால் கஞ்சத்தனம், கூடினால் பகட்டு என்பார்கள். தொன்றுதொட்டு வந்தது போலத் தோன்றும் இந்த ஏழுக்கும் அந்த அடுப்புக்கு முந்திய வயது கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டில் காப்பிக்கே பலமுறை தடை இருந்தது. 'ஏழு வகை பிஸ்கட்' என்ற பொருளிலேயே பெயர் வைத்து 1945-ல் வந்த ஸ்வீடிஷ் சமையல் புத்தகம் இன்றுவரை மறுபதிப்பு கண்டுகொண்டிருக்கிறது.

பழைமையை நம்புகிறவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். எகிப்தின் கஹ்க் என்ற பெருநாள் பிஸ்கட் ஆயிரம் ஆண்டுப் பழையது இல்லையா, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து லெப்கூஹன் என்ற தேன் பிஸ்கட் இடைக்காலத்தது இல்லையா என்று கேட்பார்கள். பழையவைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அவை எங்கே சுடப்பட்டன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஃபாத்திமிய ஆட்சியில் ஈகைத் திருநாள் இனிப்புகளைச் செய்து விநியோகிப்பதற்கென்றே கெய்ரோவில் அரசு ஒரு தனிக்கூடம் நடத்தியது. 'உண்டு நன்றி சொல்' என்ற பொருளில் எழுத்து செதுக்கிய பழைய கஹ்க் அச்சுகள் அந்நகரின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நியூரம்பெர்க்கில் லெப்கூஹன் சுடுவது 17-ஆம் நூற்றாண்டிலேயே தனிச் சங்கம் கண்ட கைத்தொழில். கண்டவர்களும் செய்துவிட முடியாது. ஏலமும் கிராம்பும் பட்டையும் கப்பலேறி வந்த சரக்கு. தேனும் அந்த மசாலாவும் சேர்ந்த பண்டத்தைக் குடியானவர் வீட்டு அடுப்பில் நினைத்துப் பார்க்க முடியாது. ஆக, பண்டத்துக்கு வயது ஆயிரமாக இருக்கலாம். அது அரண்மனையிலிருந்தும் மடத்திலிருந்தும் சங்கத்துக் கடையிலிருந்தும் இறங்கி வீட்டுக்குள் வந்து 'எங்கள் வீட்டுப் பலகாரம்' ஆன கதை வேறு; அது அண்மைக் காலத்தது.

அண்மைக் காலத்திலும்கூட அது வீட்டுக்குள் முழுசாக வரவில்லை. மொராக்கோவின் பழைய நகரங்களில் பல வீடுகளில் ஓவன் இருந்ததில்லை. தெருவுக்குத் தெரு ஃபர்ரான் என்ற பொது அடுப்பு இருக்கும். பெருநாள் நெருங்கும்போது பிறை வடிவப் பாதாம் பிஸ்கட்டுகள் அடுக்கிய தட்டுகள் வீடுகளிலிருந்து அங்கே போய், வெந்து திரும்பும். கெய்ரோவிலும் பேட்டை அடுமனைக்குக் கஹ்க் தட்டுகளைச் சுமந்து போவார்கள். நம் நாட்டு நான்கட்டாயும் இப்படிப் பாதி வீடு, பாதி தெரு என்று வளர்ந்ததுதான். டச்சுக்காரர்கள் சூரத்தில் விட்டுப்போன அடுமனையைப் பார்சிக் குடும்பம் ஒன்று ஏற்று நடத்தியபோது உருவானது என்பது அங்கே வழங்கும் வரலாறு. பெயரோ பாரசீக 'நான்' என்பதோடு சீனத்தைக் குறிக்கும் 'கட்டாய்' சேர்ந்தது. ஒரு கடியில் உதிர்ந்துபோகும் பண்டத்துக்குள் எத்தனை துறைமுகங்கள்! வடநாட்டு ஊர்களில் மைதாவும் நெய்யும் சர்க்கரையும் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பேட்டை பேக்கரிக்குப் போய், கண்ணெதிரே பிசையவைத்துச் சுட்டு, டின்னில் நிரப்பிக்கொண்டு வருவார்கள். நெய் நம்முடையது, நெருப்பு ஊருடையது. அதை 'வீட்டில் செய்தது' என்று சொல்ல யாரும் தயங்கியதில்லை.

செய்முறை பாக்கெட்டிலிருந்து வந்தது, சர்க்கரை ஆலையிலிருந்து வந்தது, நெருப்பு தெருவிலிருந்து வந்தது என்றால், பாட்டி பேத்திக்குக் கொடுத்தது என்னதான்? கணக்கையும் நாளையும் ஆளையும் கொடுத்தாள் என்பதுதான் என் பதில். பண்டிகை பிஸ்கட்டுகளின் செய்முறைகளைப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். அவை எதுவும் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கானவை இல்லை. தெருவுக்கே போதுமான அளவு. அதோடு, ஒரு ஆள் செய்து முடிக்க முடியாதபடி வேலை பிடிப்பவை. மலேசிய அன்னாசி டார்ட்டில் பழக்கூழைக் கிளறிக் கிளறி இறுக்க வேண்டும், உருண்டை பிடிக்க வேண்டும், ஒவ்வொன்றையும் மாவில் பொதிய வேண்டும். கோவாக் கிறிஸ்தவர்களும் ஆங்கிலோ இந்தியரும் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் கல்கல் ஒவ்வொன்றையும் முள்கரண்டியிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்ட வேண்டும். தனியாக உட்கார்ந்தால் தலைவலிதான் மிஞ்சும். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். வேலை அதிகம் என்பது இந்தப் பண்டங்களின் குறை போலத் தெரிகிறது. ஆட்களைக் கூட்டிவைப்பதற்கு அதைவிட நல்ல சாக்கு ஏது? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க், யங்ஸ்டவுன் வட்டாரத்துக் கல்யாணங்களில் 'குக்கீ மேசை' என்ற வழக்கம் இருக்கிறது. இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் எஃகு ஆலை வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள், அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளுக்கு இத்தனை டஜன் பேசிவைத்துச் சுட்டுக் கொண்டுவந்து மேசை நிறைய அடுக்குகிறார்கள். நம்மூர்க் கல்யாணச் சீர்முறுக்கை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும்.

இதற்கு கேக் உதவாது, பிஸ்கட்தான் உதவும் என்பதற்கு மாவின் இயல்பே காரணம். கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்து தண்ணீர் குறைந்த மாவு நன்றாக உலர்ந்து வெந்தால் வாரக் கணக்கில் கெடாது. பண்டிகைக்குப் பத்து நாள் முன்பே செய்துவைக்கலாம், டின்னில் போட்டு ஊருக்கு அனுப்பலாம், இருபது வீட்டுக்குப் பங்கிடலாம்; உடைந்தாலும் தின்னலாம்.

செய்முறையைவிடக் கருவி உறுதியாகக் கைமாறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளின் மஅமூல் என்ற ரவை பிஸ்கட்டுக்குக் கைப்பிடி வைத்த மர அச்சு உண்டு. உள்ளே பேரீச்சையா, அக்ரூட்டா, பிஸ்தாவா என்பதை வெளியே இருக்கும் வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஈஸ்டருக்குக் கிறிஸ்தவர் வீட்டிலும் பெருநாளுக்கு முஸ்லிம் வீட்டிலும் ஒரே மாதிரி அச்சைத்தான் பலகையில் தட்டுகிறார்கள், நாள்தான் வேறு. இன்னும் வியப்பான பயணம் ஓர் இரும்பு அச்சினுடையது. பூ வடிவ இரும்பைக் காயும் எண்ணெயில் சூடேற்றி, நீர்த்த மாவில் முக்கால் அளவு முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்கி உதறினால் பூ கழன்று மிதக்கும். நார்வேயில் இதைக் கிறிஸ்துமஸுக்குச் செய்கிறார்கள். மலேசியாவில் இதுவே ரோஜாக் குயே, கேரளத்தில் அச்சப்பம், தமிழ்நாட்டில் அச்சு முறுக்கு. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுத் தட்டில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் சேர்ந்து கொக்கிஸ் என்று வருகிறது. டச்சு மொழியில் சின்னப் பண்டத்தைக் குறிக்கும் ஒரு சொல் நியூயார்க் பக்கம் குடியேறியவர்களோடு போய் அமெரிக்க ஆங்கிலத்தில் 'குக்கீ' ஆனது. 1796-ல் வந்த அமீலியா சிம்மன்ஸின் சமையல் புத்தகத்திலேயே அந்தப் பெயர் இருக்கிறது. அதே சொல்தான் இலங்கையில் 'கொக்கிஸ்' ஆனது என்கிறார்கள். ஓவன் இருந்த ஊரில் சுட்டார்கள், இல்லாத ஊரில் பொரித்தார்கள். கோதுமை போய் அரிசி வந்தது, வெண்ணெய் போய்த் தேங்காய்ப் பால் வந்தது. புது அச்சைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்துப் பழக்க வேண்டும், எண்ணெயும் அச்சும் ஒருசேரக் காயவில்லை என்றால் மாவு ஒட்டிக்கொள்ளும் என்பதெல்லாம் எந்த பாக்கெட்டிலும் அச்சடித்து வராத பாடம். கைப்பக்குவம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

மரபு இவ்வளவு இளமையானது, இவ்வளவு கலப்பானது என்று ஒப்புக்கொண்டால் அதன் மதிப்பு குறைந்துவிடாதா என்ற அச்சம் நியாயமானது. ஆஸ்திரேலியாவின் ஆன்சாக் பிஸ்கட்டைப் பார்க்கலாம். ஓட்ஸ், கோல்டன் சிரப், முட்டை சேர்க்காத மாவு. 1915-ல் கலிப்போலியில் போரிட்ட வீரர்களுக்கு வீட்டுப் பெண்கள் சுட்டு அனுப்பியது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். போர்முனையில் அவர்கள் பெரும்பாலும் கடித்தது பல் உடைக்கும் படைரொட்டியைத்தான். இன்று நாம் அறிந்த செய்முறையும் இந்தப் பெயரும் ஒன்றுசேர்ந்து நிலைபெற்றது போருக்குப் பிறகே. ஆனாலும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் சுருக்கப் பெயரான 'ஆன்சாக்' என்ற சொல்லுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அதை 'ஆன்சாக் குக்கீ' என்று பெயர் மாற்றி விற்க அரசு விடாது. கதை தேதி தவறியிருக்கலாம். துக்கம் தேதி தவறவில்லை. இறந்தவர்களை நினைக்க ஒரு நாடு ஏதோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அது பிஸ்கட்டாக அமைந்தது. யூதர்களின் ருகலா என்ற சுருள் பிஸ்கட்டும் அப்படித்தான். இன்று பலரும் 'அசல்' என்று கருதும் கிரீம் சீஸ் மாவு, அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பிறகு அங்கே கிடைத்த சாமானைக் கொண்டு அமைந்தது.

செய்முறை முக்கியம் இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு எதிரான மிக வலுவான சாட்சி நாஜிகளின் டெரெசீன் வதைமுகாமிலிருந்து வந்தது. அங்கே அடைபட்ட யூதப் பெண்கள், பசியால் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த இடத்தில், கிடைத்த தாள்களில் கேக்குகளுக்கும் பண்டங்களுக்கும் செய்முறை எழுதினார்கள். மீனா பேக்டர் என்ற பெண் 1944-ல் அங்கேயே இறந்தார். தன் மகளிடம் சேர்க்கச் சொல்லி அவர் ஒப்படைத்த கட்டு, கைமாறிக் கைமாறி 1969-ல்தான் நியூயார்க்கில் இருந்த மகளின் கைக்கு வந்தது. 1996-ல் அது புத்தகமாயிற்று. பல செய்முறைகளில் அளவு விட்டுப்போயிருக்கிறது, ஏதோ ஒரு படி குறைகிறது, அப்படியே அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சமைக்க முடியாது. மாவும் வெண்ணெயும் இல்லாத இடத்தில் சமைப்பதற்காகவா எழுதினார்கள்? யாருக்கு என்ன பிடிக்கும், எந்த நாளுக்கு எது சுடுவோம், எத்தனை பேர் வருவார்கள் என்ற கணக்கைத்தான் எழுதினார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் அந்தக் கணக்குக்கு வரிவடிவம்.

இவ்வளவு பேசியும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எல்லாவற்றிலும் கூர்மையானது அதுதான். இந்த மரபு யாருடைய முதுகில் ஏறி வந்தது? ஏழு வகை சுட்டவளும் பெண், கஹ்க் தட்டு நிரப்பியவளும் பெண், வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றியவளும் அவளே. கைமணம் என்று புகழ்ந்தே கூலியில்லா வேலையை வாங்கிக்கொள்ளும் வித்தை எல்லாப் பண்பாட்டுக்கும் தெரிந்திருக்கிறது. இதற்குச் சமாதானம் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அமெரிக்கச் சிறுமியர் சாரணர் 1917-ல் ஓக்லஹோமாவில் நிதி திரட்டக் குக்கீ விற்றபோது அவை வீட்டு அடுப்பில் சுட்டவை. 1922-ல் இயக்கத்தின் பத்திரிகை செய்முறையையே வெளியிட்டது. 1934-ல் ஃபிலடெல்ஃபியாவில் பேக்கரியிடம் கொடுத்துச் சுட வைத்தார்கள். பிறகு அதுவே நாடெங்கும் வழக்கமாகி, வீட்டு அடுப்பை யாரும் திரும்பத் தேடவில்லை. விற்பனைக்காக அம்மா மட்டும் நின்று சுட்ட வேலையை ஆலை வாங்கிக்கொண்டது நல்லதற்குத்தான். பலர் கூடி உட்கார்ந்த வேலை மட்டும் ஆலை வந்தபிறகும் போகவில்லை; கடையில் எல்லா ரகமும் அடுக்கியிருக்கும் ஊரில்தான் குக்கீ மேசை இன்றும் நிறைகிறது. வீட்டு பிஸ்கட்டைக் கடை பிஸ்கட் கொன்றுவிடும் என்று புலம்புகிறவர்கள் குறிதவறிப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. உட்கார ஆள் இல்லாமல் போவதுதான் ஆபத்து. அந்த ஆள் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று மாவு ஒன்றும் கேட்பதில்லை.

கூடி உட்காரும் வேலையிலிருந்து கூலி பெறும் வேலைக்கு மாறும் வழியும் ஒன்று திறந்திருக்கிறது. மலேசியாவில் நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் சில வாரங்கள் முன்பே வீட்டிலிருந்தபடி ஆர்டர் எடுக்கும் பெண்கள் ஏராளம். சிவப்பு மூடி போட்ட கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஜாடிகளில் பிஸ்கட்டுகள் வீடு வீடாகப் போகின்றன. இந்தோனேசியாவில் அன்னாசி டார்ட்டுக்கு நஸ்தார் என்று பெயர். அன்னாசிக்கும் டார்ட்டுக்கும் உரிய டச்சுச் சொற்கள் ஒட்டிப் பிறந்த பெயர் அது. பழமோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, வெண்ணெய் மாவு ஐரோப்பியருடையது, அதைப் புத்தாண்டு மங்கலமாக்கியவர்கள் சீனர், பெருநாள் ஜாடியில் அடைத்தவர்கள் மலாய்க்காரர். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், கிள்ளானில் ஒரு தமிழ் வீட்டு மேசையில், முறுக்குக்கும் அதிரசத்துக்கும் நடுவே அந்த ஜாடியும் இருக்கும். எடுத்துக் கடிக்கும் பிள்ளை, அதுவும் நம் பாட்டி காலத்துப் பலகாரம்தான் என்று சொன்னால், தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது.